டவுன் ஸ்டேஷன் பக்கம் படுத்திருக்கும் மிலிட்டரித் தாத்தா: சேலத்துக்காரர்கள் வழி சொல்லுங்கள்

கொலுசுப் பட்டறை | 9 டிசம்பர் 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் டவுன் ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில் நிற்பது வழக்கம். அங்கே ஒரு கடை ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் வாசலில் ஒரு மாதமாக ஒரு பெரியவர் படுத்திருக்கிறார். பிச்சை கேட்பதில்லை. யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் எழுந்து நின்றுதான் வாங்கிக்கொள்வார்.

போன வாரம் ஒருநாள் விடியற்காலையில் அந்த வழியாகப் போனேன். அவர் கம்பளி மடித்துக்கொண்டிருந்தார். மூலைக்கு மூலை சேர்த்து, உள்ளங்கையால் நீவி, ஓரம் ஒரு விரல் கூடப் பிசகாமல் பெட்டி மாதிரி மடித்து, அதன் நடுவில் தன் பையை வைத்தார். நடைபாதையில் படுப்பவர் இப்படி மடித்து நான் பார்த்ததில்லை.

நேற்று மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த கொடிநாள் ஸ்டிக்கரை என் சட்டையில் ஒட்டிவிட்டிருந்தாள். அதைப் பார்த்து அவரே பேச்சுக் கொடுத்தார். "எங்க நிதிக்குப் போட்டியா தம்பி?" என்றார். "எங்க" என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து கேட்டேன். 1969இல் பதினெட்டு வயதில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தாராம். 71 சண்டையில் மேற்கு எல்லையில் ஷக்கர்கர் பக்கம் இருந்தாராம். 78இல் அப்பா படுத்த படுக்கை, வீட்டில் வேறு ஆண் துணை இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பென்ஷன் கிடையாது. அதற்கப்புறம் கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி. மனைவி போய்ச் சேர்ந்தார். மகன் திருப்பூர் போனவன் தொடர்பு விட்டுவிட்டான். வாடகை வீட்டைக் காலி செய்த அன்று டிஸ்சார்ஜ் புக், மெடல் எல்லாம் இருந்த தகரப் பெட்டி காணாமல் போய்விட்டது. மகன் பெயரைச் சொல்லத் தயங்குகிறார். தன் ஆர்மி நம்பரைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்கிறார்.

எனக்கு மிலிட்டரி விஷயம் எதுவும் தெரியாது. இவருக்கு எங்கே போவது, என்ன கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு ஹவில்தார் ஓமலூர் | 10 டிசம்பர், காலை 6.15

தம்பி, உட்கார்ந்து கேட்டதற்கு முதலில் நன்றி. விஷயத்துக்கு வருகிறேன்.

சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருட சர்வீஸ் வேண்டும். இவர் ஒன்பது வருடத்தில் வந்துவிட்டதால் பென்ஷன் இல்லை என்கிறார். ஆனால் டிஸ்சார்ஜ் புக்கில் எதற்காக வெளியே வந்தார் என்று ஒரு வரி இருக்கும். எல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் சேர்ந்த பலரைச் சில வருடம் படையில் வைத்திருந்து, மீதி வருடத்துக்கு ரிசர்வில் மாற்றினார்கள். இரண்டும் சேர்ந்து 15 ஆனால் ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. அது தெரியாமலே செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று படையே வெளியே அனுப்பியிருந்தால் கணக்கு வேறு, ஊனமுற்றோர் பென்ஷன் வரை பேச இடம் உண்டு. சொந்த வேண்டுகோளில் வந்திருந்தால் பென்ஷன் இல்லை. அதனால் அவர் வாயால் சொன்னதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பென்ஷனே இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. கேந்திரிய சைனிக் போர்டு (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியம்) பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கு வறுமை நிதி தருகிறது. ஹவில்தார் ரேங்க் வரை இருந்தவர்களும் அவர்களுடைய விதவைகளும், 65 வயது தாண்டி நிலையான வருமானம் இல்லாமல் இருந்தால் வாங்கலாம். மாதம் 4,000 ஆக இருந்தது. இந்த நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆயுள் முழுக்க வரும். உங்கள் மகள் ஒட்டிய ஸ்டிக்கர் காசு போகும் கொடிநாள் நிதியிலிருந்துதான் அதுவும் வருகிறது. அவர் "எங்க நிதி" என்று சொன்னது சரியான பேச்சு.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில். நம்பர் நினைவிருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. டிஸ்சார்ஜ் புக் தொலைந்ததற்குப் போலீசில் புகார் ரசீது வாங்கி, சேலத்தில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக எழுதினால் ரெக்கார்டைத் தேடி நகல் அனுப்புவார்கள். அடையாள அட்டை, வறுமை நிதி விண்ணப்பம் எல்லாம் அந்த அலுவலகம் வழியாகத்தான். நம்பர், பெயர், அப்பா பெயர், சேர்ந்த இடம், சேர்ந்த வருடம், வெளியே வந்த வருடம் இவற்றை அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

நாலு ரோடு | 10 டிசம்பர், காலை 9.02

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. மிலிட்டரியில் இருந்தேன் என்று சொல்லிக் காசு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களும் உண்டு, அவர்கள் முன்னாள் படைவீரர் கணக்கிலேயே வரமாட்டார்கள். முதலில் உண்மையா என்று பார்த்துவிட்டு அப்புறம் உதவி செய்வதுதான் முறை. இல்லாவிட்டால் உண்மையானவர்களுக்குப் போக வேண்டியது கெட்டுப்போகும்.

ஓய்வு ஹவில்தார் ஓமலூர் | 10 டிசம்பர், காலை 9.40

உங்கள் கவலை புரிகிறது சார். சரிபார்க்கத்தான் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கிறது. முன்னாள் படைவீரர் என்பதற்கான வரையறையே வெளியே வந்த வருடத்தைப் பொறுத்து மாறும், அதை நானும் நீங்களும் தீர்மானிக்க முடியாது. அவர்கள் சொல்லட்டும். அதுவரை அவர் சாப்பிட வேண்டாமா?

கொலுசுப் பட்டறை | 16 டிசம்பர், இரவு 11.20

எழுதவே மனசு வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஹவில்தார் ஐயா சொன்னபடி விவரம் எழுதி வாங்கினேன். வெள்ளிக்கிழமை தாத்தாவை வீடற்றோர் தங்கும் விடுதி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். ஆதார் எங்கே என்றார்கள். ஆதார் பழைய வாடகை வீட்டு முகவரியில் இருக்கிறது, அட்டையும் கையில் இல்லை. திங்கட்கிழமை நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஒரு வங்கியில் கணக்குத் திறக்கக் கேட்டோம், கைரேகை பதியவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். அவர் எதுவும் பேசவில்லை. திரும்பி வரும்போது, "திங்கக்கிழமை பார்க்கலாம் தம்பி" என்றார்.

திங்கட்கிழமை போனால் ஆள் இல்லை. கம்பளியும் இல்லை. டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஜங்ஷன், புது பஸ் ஸ்டாண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு எல்லாம் தேடிவிட்டேன். ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு அலைக்கழித்தது நான்தான். அவருக்கு அது இன்னொரு தோல்வியாகப் பட்டிருக்கும்.

இரவு ட்யூட்டி அக்கா | 17 டிசம்பர், காலை 7.30

தம்பி, உங்களை நொந்துகொள்ளாதீர்கள். நான் இருபத்திரண்டு வருடம் நர்ஸ். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். நீங்கள் தாளிலிருந்து ஆரம்பித்தீர்கள். தெருவில் படுப்பவருக்கு முதலில் வேண்டியது தாள் இல்லை. கால் நீட்டிப் படுக்க ஓர் இடம், செருப்பைக் கழற்றி வைத்தால் காலையில் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை, பிறகு பாதத்தைப் பார்ப்பது.

பாதம் என்று சும்மா சொல்லவில்லை. தெருவில் இருப்பவர்களை வார்டில் சேர்க்கும்போது நான் முதலில் பார்ப்பது பாதத்தைத்தான். சர்க்கரை இருக்கும், தெரியாது. குதிகாலில் வெடிப்பு, விரல் இடுக்கில் புண், வலியே தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள். பத்து நாள் கவனிக்காமல் விட்டால் விரல் போகும். அவர் உங்களோடு அன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தார், எப்படி நடந்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

விடுதி விஷயம். நகர்ப்புறத்தில் ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் தங்கும் ஒரு விடுதி, வருடம் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் 8.29 லட்சம் பேர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆதார் இல்லை என்று ஒருவரை இரவில் திருப்பி அனுப்புவது அந்த விடுதிகள் எதற்காக வந்ததோ அதற்கே எதிரானது. சொல்லப்போனால் விடுதிக் கண்காணிப்பாளர் தரும் சான்றை வைத்தே ஆதாரில் முகவரி மாற்றலாம். விடுதியில் சேர்த்தால்தான் ஆதார் சரியாகும். ஆதார் சரியானால்தான் சேர்ப்போம் என்றால் எப்படி?

பெயரும் வயதும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வார்டுகளில் விசாரிக்கிறேன்.

சான்டியாகோவில் ஒரு சேலத்தான் | 17 டிசம்பர், இரவு 9.55

கன்னங்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது அமெரிக்காவில் சான்டியாகோவில் இருக்கிறேன். அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

கப்பற்படை ஊர் இது. தெருவில் படுத்திருக்கும் முன்னாள் வீரர்களை வந்த புதிதிலேயே பார்த்தேன். ஆனால் 1988இல் இந்த ஊரில்தான் "ஸ்டாண்ட் டவுன்" என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். வியட்நாம் போரில் முன்னணியில் இருந்த பிரிவுகளைச் சில நாள் பத்திரமான முகாமுக்குத் திருப்பி அழைத்து, குளிக்க, தூங்க, சூடாகச் சாப்பிட விடுவார்கள். அதற்குப் படையில் வழங்கிய பெயர் அது. அதையே தெருவில் இருப்பவர்களுக்குச் செய்தார்கள். ஒரு மைதானத்தில் கூடாரம் போட்டு மூன்று நாள். வருபவரிடம் முதலில் எதுவும் கேட்பதில்லை. குளியல், முடிவெட்டு, புது உடுப்பு, பல் வைத்தியர், கண்ணாடி. அதே மைதானத்தில் அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பவர், வேலைக்குப் பதிவு செய்பவர், வக்கீல். சின்னச் சின்ன வழக்குகளால் பயந்து ஒளிந்திருப்பவர்கள் நிறைய என்று தெரிந்ததும் அடுத்த வருடமே நீதிபதியையும் அங்கேயே வரவழைத்தார்கள். வீடற்றோர் நீதிமன்றம் என்ற ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது.

நான் இரண்டு வருடம் உடுப்புப் பந்தலில் வேலை செய்திருக்கிறேன். காலுறை கொடுக்கும் மேஜையில்தான் கூட்டம் அதிகம். அக்கா பாதத்தைப் பற்றி எழுதியதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் முகாமால் மட்டும் வீடு கிடைத்துவிடாது. வீட்டு வாடகைக்கு அரசு சீட்டும், கூடவே படைவீரர் துறையின் ஒரு வழக்குப் பணியாளரும் சேர்ந்து கிடைக்கும் திட்டம் ஒன்று பெரிய அளவில் வந்த பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது. நாடு முழுக்க 2010இல் 74 ஆயிரத்துக்கு மேல் இருந்தவர்கள், 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் 32,882. சீட்டு மட்டும் கொடுத்தால் பலர் மூன்று மாதத்தில் மறுபடி தெருவுக்கு வந்துவிடுகிறார்கள் என்று கூடவே வேலை செய்பவர்கள் சொல்வார்கள். ஆள் கூட இருந்தால் நிலைக்கிறார்கள்.

ஓய்வு ஹவில்தார் ஓமலூர் | 18 டிசம்பர், காலை 6.30

சான்டியாகோ தம்பி எழுதியதைப் படித்தேன். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஊர் நிலைமை அப்படியே அது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஜவான் ரிடையர் ஆகி வரும்போது முப்பத்தைந்து, நாற்பது வயது. வீடு, அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சங்கம் எல்லாம் இருக்கும். தெருவுக்கு வருபவர் கொஞ்சம்தான். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஏழையாக இருப்பவர் நிறைய. கூரை இருக்கும், கஞ்சி இருக்காது. பங்காளிச் சண்டையில் நிலம் போயிருக்கும். குடி இருக்கும். சொல்ல வெட்கப்படுவார்கள். மிலிட்டரிக்காரர் என்று ஊரே மரியாதை கொடுத்த ஆள், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க மாட்டார். இவர்களைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கு 1986இல் ஆரம்பித்த டெக்ஸ்கோ (தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம்) இருக்கிறது, அரசு நிறுவனங்களுக்குக் காவல் பணி ஆட்களை அனுப்புகிறது. தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம் வந்திருக்கிறது, ஒரு கோடி வரை கடன், அதில் 30 சதவீதம் முதலீட்டு மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். நல்லதுதான். ஆனால் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அதனால் என்ன? அவருக்குக் கூட ஓர் ஆள் போக வேண்டும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

மிளகுக்கொடி | 18 டிசம்பர், பிற்பகல் 2.10

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். நாகலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்க வரும் ஓர் அம்மா பற்றிச் சொல்ல வேண்டும். வயது அறுபத்தெட்டு. கணவர் ஆர்மி சப்ளைப் பிரிவில் லாரி ஓட்டினவர், பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார், நாலு வருடம் முன்பு இறந்துவிட்டார். அந்த அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் என்று ஒன்று இருப்பது தெரியும். ஆனால் கிடைக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

காரணம் பெயர். கணவர் படையில் எழுதிக் கொடுத்தது இந்த அம்மாவை வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் இருப்பது அப்பா வைத்த குலசாமிப் பெயர். பிறந்த வருடமும் மூன்று வருடம் வித்தியாசம். கீழே சேலம் போய் ஒரு முறை கேட்டிருக்கிறார், இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மலையிலிருந்து போய்வரப் பஸ் செலவு, அன்றைய கூலி இரண்டும் போகும். அதோடு விட்டுவிட்டார். இப்போது மூட்டு வலியோடு கூடையைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறார். பழத்தைத் தொட்டுப் பார்த்தே பழுத்ததா என்று சொல்லிவிடுவார், கண் சரியாகத் தெரிவதில்லை.

இவருக்கு வழி உண்டா? காலம் கடந்துவிட்டதா?

அஸ்தம்பட்டி வக்கீல் | 18 டிசம்பர், இரவு 8.45

காலம் கடக்கவில்லை அம்மா. குடும்பப் பென்ஷன் அவருடைய உரிமை, கணவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்கு ஓடும். குறைந்தபட்சமே மாதம் 9,000, அதன் மேல் அகவிலை நிவாரணம். நாலு வருட நிலுவை என்றால் எவ்வளவு என்று பாருங்கள்.

பெயர் வித்தியாசம் படைவீரர் குடும்பங்களில் மிகச் சாதாரணம். அந்தக் காலத்தில் யூனிட் எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம், ஊரில் தெரிந்த இரண்டு சாட்சி, கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி வட்டாட்சியர் வரை சான்று, கணவரின் இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவு, சேர்ந்து எடுத்த பழைய போட்டோ எது கிடைத்தாலும். இவற்றைச் சேர்த்து நல அலுவலகம் வழியாக அவருடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். சப்ளைப் பிரிவு என்றால் பெங்களூர். வெலிங்டனுக்கு அனுப்பிவிடாதீர்கள், எந்தப் படைப்பிரிவோ அந்த ஆபீசுக்குத்தான் போக வேண்டும். பாதி மனுக்கள் தவறான இடத்துக்குப் போயே வருடங்கள் ஓடுகின்றன. உத்தரவு வந்ததும் ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறையில் பிரயாக்ராஜிலிருந்து பணம் நேராகக் கணக்குக்கு வரும். வருடம் ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க மறந்தால் நின்றுவிடும், அதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 2025 ஜூலை 26, கார்கில் நாளன்று, படைவீரர் குடும்பங்களுக்கென்றே ஓர் இலவசச் சட்ட உதவித் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கியது. படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையம் வைப்பது அதன் ஏற்பாடு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலும் அணுகலாம். பென்ஷன் மறுக்கப்பட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. அதுவரை போகத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஆத்தூர் வாசகி | 19 டிசம்பர், காலை 11.25

பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பதினேழு வருடம் சர்வீஸ் முடித்து நாயக்காக வந்தவர். பென்ஷன் வருகிறது. ஆனால் எங்களுக்கு வருவதில்லை. போர்வெல் போட வட்டிக்கு வாங்கினார், அதற்கு ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டார். மாதாமாதம் பணம் விழுந்த அரை மணி நேரத்தில் அவர்கள் எடுத்துவிட்டு, இரண்டாயிரம் கொடுக்கிறார்கள். மூன்று வருடமாகிறது. கேட்டால், கொடுத்த வாக்கு என்கிறார். ராத்திரியில் தூங்குவதில்லை, வாசலில் உட்கார்ந்தே இருக்கிறார். மற்றவர்களைப் பார்த்தால் நாங்கள் வசதி. ஆனால் மளிகைக் கடையில் கடன்.

அஸ்தம்பட்டி வக்கீல் | 19 டிசம்பர், மதியம் 1.05

அம்மா, இதைக் கவனமாகப் படியுங்கள். 1871ஆம் ஆண்டுப் பென்ஷன் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடனுக்காகப் பென்ஷனை நீதிமன்றமே ஜப்தி செய்ய முடியாது என்று அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. வரப்போகும் பென்ஷனை அடகு மாதிரி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, அது 12ஆம் பிரிவு. நீதிமன்றத்தாலேயே முடியாததை வட்டிக்காரர் செய்துகொண்டிருக்கிறார். அதற்கு மேல் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

முதல் வேலை, வங்கிக்கு உங்கள் வீட்டுக்காரர் போய் அந்தக் கார்டை முடக்கிப் புதுக் கார்டு கேட்பது. அசல் கடனைத் திருப்பித் தரமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, நியாயமான கணக்கில் பேசித் தீர்க்கலாம். கொடுத்த வாக்கு என்ற அவருடைய கௌரவத்துக்கும் அதில் குறைவில்லை. எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், மிரட்டல் வந்தால் எப்படிப் புகார் எழுதுவது என்று சொல்கிறேன்.

இரவு ட்யூட்டி அக்கா | 19 டிசம்பர், மதியம் 1.50

ஆத்தூர்த் தங்கச்சி, தூக்கம் இல்லாததைச் சும்மா விடாதே. 14416க்குப் போன் போட்டால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி மையம், தமிழில் பேசலாம், காசு இல்லை. அவர் பேச மறுத்தால் முதலில் நீ பேசு.

சூரமங்கலம் மாணவன் | 20 டிசம்பர், மாலை 5.30

என் அண்ணன் அக்னிவீர், முதல் பேட்ச். அடுத்த வருடக் கடைசியில் நாலு வருடம் முடிகிறது. இருபத்தைந்து சதவீதம் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு இந்த நல அலுவலகம், இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) எல்லாம் உண்டா?

ஓய்வு ஹவில்தார் ஓமலூர் | 20 டிசம்பர், மாலை 6.10

பென்ஷன் கிடையாது, முன்னாள் படைவீரர் தகுதியும் இந்தத் திட்டத்தில் இல்லை தம்பி. சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் மொத்தமாகக் கையில் வரும். அதை ஒரே நாளில் உறவுக்காரர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள், அதற்கு முன்னால் அண்ணனோடு உட்கார்ந்து பேசு. இ.சி.எச்.எஸ். பற்றிக் கேட்டாய். பென்ஷன் இல்லாத பழைய சிப்பாய்க்கே பொதுவாக அது இல்லை. நம் தாத்தாவுக்கு உடம்புக்கு வந்தால் அரசு ஆஸ்பத்திரியும், வருமானச் சான்று வாங்கினால் முதல்வர் காப்பீடும் இருக்கின்றன. முதல் பேட்ச் வீட்டுக்கு வரும்போது இந்த இழையை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

இரவு ட்யூட்டி அக்கா | 23 டிசம்பர், காலை 5.40

தாத்தா கிடைத்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில். கொண்டலாம்பட்டி ரவுண்டானா பக்கம் மயங்கி விழுந்தவரை யாரோ 108இல் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். சர்க்கரை, வலது காலில் புண். விரல் தப்பிவிட்டது. என்னோடு படித்தவள் அங்கே ட்யூட்டியில் இருக்கிறாள், அவள் கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? வார்டில் எல்லாப் படுக்கையும் கலைந்து கிடக்க, ஒரு படுக்கையில் மட்டும் போர்வை பெட்டி மாதிரி மடித்திருந்ததாம். உங்கள் பதிவை நான் அவளுக்கு அனுப்பியிருந்தேன்.

ஓய்வு ஹவில்தார் ஓமலூர் | 24 டிசம்பர், இரவு 7.15

இன்று போய்ப் பார்த்தேன். பட்டறைத் தம்பியும் கூட இருந்தார். தாத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் கட்டில் பக்கத்தில் நின்று மெதுவாக எங்கள் ரெஜிமென்டின் போர் முழக்கத்தை எடுத்து "வீர மதராசி" என்றேன். கண்ணைத் திறக்காமலே "அடி கொல்லு, அடி கொல்லு" என்றார். அப்புறம்தான் யார் என்று பார்த்தார். எந்தக் கம்பெனி, எந்த சுபேதார், வெலிங்டனில் மழையில் பரேடு நின்றது என்று ஒரு மணி நேரம் பேசினோம். நான் அவருக்குப் பத்து வருடம் இளையவன், வேறு பட்டாலியன். இருந்தும் மெஸ்ஸில் போட்ட பருப்பின் ருசி இரண்டு பேருக்கும் ஒன்றாக நினைவிருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆனதும் எங்கே போவது என்ற கேள்விக்கு ஓர் ஏற்பாடு ஆகியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவர் வீட்டு மாடியில் ஓர் அறை. ஆறு மாத வாடகையை எங்கள் பழைய ஆட்கள் ஏழு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். அக்கா சொன்னதுதான் சரி, முதலில் படுக்கை. தாள் வேலையை அங்கிருந்து ஆரம்பிக்கிறோம். முறை போட்டு ஒருவர் கூடப் போவார். ஒரே நாளில் ஓர் அலுவலகத்துக்கு மேல் இல்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.

மிளகுக்கொடி | 11 ஜனவரி 2026, மாலை 4.20

எங்கள் எஸ்டேட்டுக்கு வரும் அந்த அம்மா விஷயம். உறுதிமொழிப் பத்திரம் முடிந்தது. சாட்சிக்கு ஊரில் இரண்டு பேர் கேட்டேன், ஒன்பது பேர் வந்து நின்றார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவில் கணவரும் அவரும் சேர்ந்து நின்ற ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ, பின்னால் கணவர் கையெழுத்தில் அந்த அம்மாவின் வீட்டுப் பெயர். இதுவே போதும் என்று வக்கீல் சார் சொன்னார். நல அலுவலகத்தில் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்கிவிட்டோம். வண்டியில் கூட்டிப்போனதால் அவருக்கு அரை நாள் கூலிதான் போனது, அதையும் எஸ்டேட்டிலேயே பார்த்துக்கொண்டோம்.

கொலுசுப் பட்டறை | 17 பிப்ரவரி 2026, இரவு 9.30

வெலிங்டனிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

நம்பர், பெயர், அப்பா பெயர் மூன்றும் அவர் சொன்னபடியே. 1969இல் சேர்ந்தது, 1978இல் சொந்த வேண்டுகோளின் பேரில், குடும்பக் கஷ்டம் காரணமாக விடுவிக்கப்பட்டது. அதனால் ரிசர்விஸ்ட் பென்ஷனுக்கு இடமில்லை, ஹவில்தார் ஐயா முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவர் ஏமாறவில்லை. நடத்தை என்ற இடத்தில் "மிக நன்று". 71 சண்டையில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்த பஷ்சிமி ஸ்டார் மெடல் வாங்கியதும் பதிவில் இருக்கிறது. கடிதத்தை நான் தமிழில் படித்துச் சொன்னேன். நடத்தை வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வறுமை நிதி விண்ணப்பத்துக்கு இனி வேண்டியது வங்கிக் கணக்கு ஒன்றுதான். கைரேகை இன்னும் பதியவில்லை, தறியில் நூல் ஓடி ஓடி விரல் வழவழவென்று இருக்கிறது. கண் கருவிழி வைத்துப் பதியும் கருவி இருக்கும் ஆதார் மையத்துக்கு இந்த வியாழக்கிழமை போக நேரம் வாங்கியிருக்கிறேன். அன்று எனக்குப் பட்டறையில் ஆர்டர் முடிக்கும் நாள், ஹவில்தார் ஐயாவுக்கு இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் டோக்கன். காலை பத்து மணிக்குக் கூடப் போக ஒருவர் வேண்டும். கால் இன்னும் முழுசாக ஆறவில்லை, ஆட்டோவில்தான் போக வேண்டும். ஆட்டோக் காசு நான் கொடுத்துவிடுகிறேன்.

நாலு ரோடு | 17 பிப்ரவரி, இரவு 10.05

கடிதம் வந்தது ரொம்ப சந்தோஷம். சரிபார்க்க வேண்டும் என்று நான் சொன்னது தவறு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அவர் நடைபாதையில் படுத்திருந்தபோது அதை முதலில் சொன்னேன். அதற்காக வருத்தப்படுகிறேன்.

வியாழக்கிழமை நான் வருகிறேன். கார் இருக்கிறது, ஆட்டோ வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை ஏதும் உண்டா, அவர் இட்லி சாப்பிடுவாரா என்று மட்டும் சொல்லுங்கள்.

இரவு ட்யூட்டி அக்கா | 17 பிப்ரவரி, இரவு 10.20

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் சர்க்கரை மாத்திரை ஒன்று, டப்பாவில் "காலை" என்று எழுதியிருக்கிறேன். இட்லி மூன்று, சட்னி போதும். காலுறை போட்டுக் கூட்டிப்போங்கள், புதுசு கட்டில் தலைமாட்டில் இருக்கிறது.